ஆதாரத்தோடு பேசுகிறவர்

அடுக்குமாடிச் சங்கக் கூட்டம். இப்போதைய தலைவியே தொடரலாமா என்று கை தூக்கிச் சொல்ல வேண்டும். புதிதாகக் குடிவந்தவர் கடைசி வரிசையில் குழம்பிக்கொண்டிருந்தார்.

வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்தார்.

“உணர்ச்சிக்கு இடமில்லை, ஆதாரம் மட்டுமே பேசும்! முன்னாள் தலைவர் காலத்தில் லிஃப்ட் படுத்தது, குழாயில் காற்றுதான் வந்தது. மேடம் வந்தார், இரண்டும் ஓடுகின்றன!”

ஆள் இல்லாத இடத்தில் இப்படியா கிழிப்பது என்று புதியவருக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் பக்கம் கை தூக்கவே கூடாது.

“அந்த மனுஷன் ஒரு நல்லதுகூடவா செய்யல, சார்?”

“செஞ்சாரே! ராஜினாமா!”

சபை சிரித்தது. தலைவி மைக்கைப் பிடுங்கினார்.

“போதும், முன்னாள் தலைவரே, உட்காருங்க. உங்களைத் திட்டுறதுக்கு வீட்டுல எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க!”

முதலில் உயர்ந்தது புதியவரின் கைதான்.