பசைத் தடம்

“தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்காம இந்த ஹீட்டரை மட்டும் போட்டுடாதீங்க. உள்ள இருக்கிற கம்பி கருகிப் போயிடும்.”

சொல்லிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து காட்டினாள். முதலில் புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு தண்ணீர் சீராக விழுந்தது. அப்படி விழுந்தால்தான் தொட்டி நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு அது. இன்று காலைவரை அவளுடையது. இப்போது அதை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கும் இந்தச் சின்னஞ்சிறுசுகளுடையது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். பெண் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பாதி புரிந்திருந்தாலே அதிகம்.

அடுப்பைக் காட்டினாள். சிலிண்டர் மாற்றினால் முதல் தடவை பற்றாது, குழாயில் காற்று இருக்கும், திருகை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுக்க வேண்டும். பம்பைக் காட்டினாள். யாரும் தண்ணீர் திறக்காதபோது அது டக் டக் என்று அடித்தால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே கூட்டிப்போய், கரண்டிலும் கேஸிலும் ஓடுகிற அந்த ஹீட்டரின் பர்னர் குழாயில் குளவி கூடு கட்டும் இடத்தைக்கூடக் காட்டினாள்.

பெண் பயந்து இரண்டு அடி பின்னால் போனாள். மாப்பிள்ளை சிரித்தான். இவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று!

இதே வண்டியில் அவளும் வீட்டுக்காரரும் சுற்றாத ஊர் இல்லை. ஸ்டியரிங் அவர் பொறுப்பு, உள்ளே இருக்கிற அத்தனை சாமானும் அவள் பொறுப்பு. எங்கே போய் நிறுத்தினாலும் பக்கத்து டிரெய்லர்காரர்கள், அடுப்பு எரியவில்லை, பம்ப் ஓடவில்லை என்று அவளைத்தான் தேடி வருவார்கள்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை இழுக்க ஆளில்லை. மாடிக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே எதுவும் மக்கர் பண்ணுவதில்லை. பண்ணினாலும் கீழே ஆபீஸில் ஆள் இருக்கிறான்.

கையில் செல்போன் இருக்கிறது, மணி அடித்தால்தானே! மகன் இருக்கிறான். இவள் நாலு வரி எழுதி அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும். சில நாள் அதுவும் வராது.

உள்ளே திரும்பி வந்ததும் பெண் பிரிட்ஜ் பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்தாள். விரல் நீளத்துக்குப் பசைத் தடம் ஒன்று அழுக்காகத் தெரிந்தது.

“இங்க என்ன ஆன்ட்டி ஒட்டியிருந்தது?”

“ஏதோ பழைய ஸ்டிக்கர்மா. நான்தான் கிழிச்சேன்.”

மாப்பிள்ளை அதற்குள் கட்டிலுக்கடியில் குடைந்து, நாலைந்து மரப்பலகைகளை வெளியே இழுத்திருந்தான். இது எதற்கு, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டான். ஐயையோ, அது பாட்டுக்குக் கிடக்கட்டும், எதற்காவது உதவும் என்று அவளே உள்ளே தள்ளி வைத்தாள்.

காட்ட இனி எதுவும் பாக்கியில்லை. ஏற்கெனவே சொன்னதை இன்னொரு தரம் சொன்னாள். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தான். பெண் கடையில் வாங்கி வந்த பாலைப் பிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“ஏதாவது மக்கர் பண்ணினா ராத்திரி பகல்னு பாக்காம எனக்குப் போன் பண்ணுங்க.”

“நீங்க சொல்லிக்குடுத்த அழகுக்கு எதுவுமே மக்கர் பண்ணாது ஆன்ட்டி. இனிமே உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டோம், பாருங்க!”

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

டிரெய்லர் ஆடி ஆடித் தெருமுனையில் திரும்பியது. பெண் கார் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். இவளும் ஆட்டினாள். அவர்கள் மறைந்த பிறகும் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். கர்ச்சீப்புக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்தாள். பின்பக்கம் பசைப் பிசுக்கு இன்னும் போகாத, நடுவே குமிழி ஓடுகிற, விரல் நீளமே உள்ள ரசமட்டம். காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால் கத்தியை விட்டு நெம்பிப் பெயர்த்தது.

கேஸில் ஓடுகிற அந்தப் பிரிட்ஜுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அது குளிராது. நிறுத்தினதும் ரசமட்டத்தைப் பார்த்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த சக்கரத்துக்கடியில் பலகை கொடுக்க வேண்டும். அவள் உள்ளே நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்துவாள். அவர் வெளியே முணுமுணுத்துக்கொண்டே பலகை வைப்பார்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அதை மட்டும் சொல்லவில்லை.

ஒன்றிரண்டு நாள் சாய்ந்து நின்றால் பிரிட்ஜ் கெட்டுவிடாது. பால்தான் திரியும். திரிந்ததும் கூப்பிடுவார்கள்.

செல்போனை எடுத்துச் சத்தத்தை முழுதாகக் கூட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “அச்சச்சோ, பால் திரிஞ்சுடுச்சா?” என்று சொல்லிப் பார்த்தாள்.

குரலில் ஆச்சரியமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.