லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்

"வண்டியில ஒரு கோளாறும் இல்லன்னு மட்டும் நீ சொல்லிடுபா. மீதிய நான் பாத்துக்கறேன்."

கோதண்டம் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்றிருந்த டிரைவர் பேச்சிராஜை ஓரக்கண்ணால் பார்த்தார். கையிலிருந்த மஞ்சப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் ஏசுவடியான் அந்தப் பழைய பெட்ரோல் பிக்கப்பை ஸ்டார்ட் செய்தார். நின்ற இடத்திலேயே வண்டி குளிர் ஜுரம் கண்டதுபோல நடுங்கியது. பின்னால் கரும்புகை கிளம்பியது. ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாடை.

"இந்த நடுக்கம் நடுங்குது, கோளாறு இல்லைன்னு எப்படி அண்ணாச்சி சொல்ல?"

"வயசான வண்டி, நடுங்கத்தான் செய்யும். பெட்ரோல் திருடறத மறைக்க இவனே எதையாவது நோண்டி வச்சிருப்பான். ஆதாரத்தோடதான் வந்துகீறேன்" என்று பையைத் தட்டிக் காட்டினார் கோதண்டம்.

வாலாஜாபாத்தில் காய்கறி ஏற்றி, ஒரகடம் சுற்றியுள்ள கம்பெனி ஹாஸ்டல்களில் இறக்குவதுதான் அவர் தொழில். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சந்தேகப்பட மட்டும் நன்றாகத் தெரியும்.

"லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் குடுத்துக்கினு இருந்த வண்டி. ஆடி மாசம் திடீர்னு அஞ்சாச்சு. அப்ப ஓட்டிக்கினு இருந்தவன் என் மச்சான் மோகன். பொண்டாட்டி கூடப் பொறந்தவனாச்சேன்னு பாக்கல, வெரட்டி வுட்டேன். வூட்ல லீலா இன்னிக்கி வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. அப்புறம்தான் இவன் வந்தான். இப்ப எட்டு குடுக்குது. இன்னா அர்த்தம்? மச்சான் பெரிய திருடன், இவன் சின்னத் திருடன். அவ்ளோதான்!"

ஏசுவடியான் பிளக்கைக் கழற்றினார். அடுப்புச் சட்டியின் அடி போலக் கரி அப்பியிருந்தது.

"இஞ்சினுக்குப் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகுது. காத்து பத்தல."

"கேட்டா 'தெரியலியே முதலாளி'ன்றான். பேட்டா வாங்கியும் ஒரு டீ குடிக்க மாட்டான். அவ்ளோ அமுக்கம். சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுதான் வூட்டுக்குப் போவேன்."

பிளக்கைத் தேய்த்து மாட்டிவிட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தார் மெக்கானிக். சுத்தமாகத்தான் இருந்தது. கோதண்டத்துக்கு இப்போது புதிதாக ஒரு சந்தேகம்.

"ஆமா, நீயும் அவனும் ஒரே ஜில்லாவா?"

"நான் நாசரேத்து. அவன் அம்பாசமுத்திரம் பக்கம்."

எல்லாம் ஒரே கூட்டம்தான் என்று கோதண்டம் மனசுக்குள் முடிவு கட்டினார். கூட்டுச் சேர்ந்துதான் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்த ஏசுவடியான், "அட!" என்றார். எழுந்து டிரைவர் சீட்டுப் பக்கம் போனார். டேஷ்போர்டில் அம்மன் படம். அதன் குறுக்கே அடர்த்தியாகக் கதம்பச் சரம் தொங்கியது.

"இந்தப் பூவை யாரு மாட்டுதா?"

"நான்தான். ஆடி மொத வெள்ளி படம் வச்சதுலேர்ந்து தெனம் குளிச்சிட்டு வந்து என் கையால மாட்டறேன். வேற எவனும் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப நீங்களே எடுங்க."

கோதண்டம் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூவை எடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு கறுப்புக் குமிழ், பாதி வெளியே இழுத்தபடி இருந்தது.

"கொக்கிக்குத் தோதா இருந்துச்சு. இழுத்து மாட்டிக்கினேன்."

"கொக்கி இல்ல அண்ணாச்சி, இது சோக்கு! குளிர்ல ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு இழுக்கது. காத்தை அடைச்சு, பெட்ரோலை அள்ளி ஊத்தும். இந்த ஊர் வெயிலுக்கு எவனும் இதைத் தொடுறதே இல்ல, டிரைவர்மாருக்கே மறந்து போச்சு. தெனமும் பூ மாட்டி நீங்கதான் வண்டியைக் கெடுத்திருக்கீய."

குமிழை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் திணறிய இஞ்சின் பிறகு சீராக ஓடியது. புகையும் நின்றது.

கோதண்டம் முகம் வெளிறிவிட்டது. "அப்போ... மோகன் திருடலையா?"

"சோக்கு போட்டே ஓடுன வண்டி அஞ்சு குடுத்ததே பெருசு."

மச்சானை நடுரோட்டில் வைத்துத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. லீலாவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? இருந்தாலும் மனுஷன் ஒரேயடியாகத் தோற்க விரும்பவில்லை.

"சரி, மோகன் கதை வேற. இவன் திருடன்தான்! சீட்டுக்கடியில ஒளிச்சு வச்சிருந்தான், பாரு!" பையைத் தரையில் கவிழ்த்தார். பெட்ரோல் வாடையடிக்கும் ஒரு கேனும், ஒரு பிளாஸ்டிக் புனலும் உருண்டன.

ஏசுவடியான் புனலைக் கையில் எடுத்தார். எதிர்ப்புறம் நின்ற பேச்சிராஜ் அதைப் பார்த்துவிட்டு, பதறியடித்து ரோட்டைக் கடந்து வந்தான்.

"அண்ணாச்சி," என்றார் ஏசுவடியான், "டேங்க்ல இருந்து திருடுதவனுக்கு உறிஞ்சுததுக்கு ட்யூப்புல்லா வேணும்? புனல் எதுக்கு? சோக்கு அப்பயும் இப்படித்தான் இருந்துச்சு, இப்பயும் இப்படித்தான் இருந்துச்சு. இவனுக்கும் அஞ்சுதான வரணும்? எட்டு எப்படி வந்துச்சு?"

கோதண்டம் புனலையே பார்த்தார். பிறகு பேச்சிராஜைப் பார்த்தார்.

"இன்னாத்துக்குடா உன் காசுல பெட்ரோல் ஊத்தின?"

பேச்சிராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொந்த மச்சானையே திருடன்னு வெரட்டுனவுக, என்னையவா நம்புவீய, முதலாளி?"