கிணற்றை விசாரித்தவர்

ஒரு சிமெண்ட் ஆலையில் உயரமான புகைபோக்கி ஒன்று இருந்தது. அதன் புகையை வெளியே விடாமல் பிடித்து, அதிலுள்ள கரியமில வாயுவை வெகு தூரத்தில் காலியாகிக் கிடந்த பழைய எரிவாயுக் கிணற்றுக்குள் அடைக்க ஒரு குழாய் போட்டார்கள். அன்றிலிருந்து புகைபோக்கிக்கு நல்ல பெயர். அதற்கு வெள்ளையடித்தார்கள். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கிணற்றிடம் மாதம் ஒருமுறை, "இன்னும் எவ்வளவு போடலாம்?" என்று கேட்பார்கள். "போடுங்க, போடுங்க" என்று அதுவும் சொல்லி வந்தது.

ஒரு நாள் அது குழாயைக் கூப்பிட்டது. "தம்பி, என் வாயை அடைச்ச பழைய சிமெண்ட் விரிசல் விட்டிருக்கு. சரிபண்ற வரைக்கும் அனுப்பாதே. பிச்சுக்கிட்டா, அடைச்சதெல்லாம் வெளியே வந்துடும்."

"முன்னாடியே ஏன் சொல்லலை, அக்கா?"

"இடம் இருக்கான்னுதானே எல்லாரும் கேட்டாங்க."

குழாய் அந்தச் சேதியை மறுமுனைக்குக் கொண்டுபோனது. புகைபோக்கி பதறியது.

"நாளைக்குப் பெரிய ஆளுங்க சிமெண்ட் வாங்க வர்றாங்கடா! புகை இல்லேன்னு சொல்லித்தான் விலையே ஏத்தியிருக்கு."

"அக்கா தாங்காது, அண்ணே."

புகைபோக்கி தன் வெள்ளைக் கழுத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு, "சரி, மூடிக்கோ" என்றது.

மறுநாள் வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைக் கழுத்து கறுக்க, புகைபோக்கி குபுகுபுவென்று புகை விட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்தக் கிணற்றுக்கு என்ன ஆச்சு?" என்றார் ஒருவர்.

குழாய் அந்தக் கேள்வியை அப்படியே கிணற்றுக்குக் கொண்டுபோனது. கிணறு அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டது.