பொன்மணியின் மூளைப்படம்

திரையில் இரண்டு மூளைகள் இருந்தன.

ஒன்றில் ஒரே இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. மற்றதில் நாலைந்து இடங்கள் சிவப்பும் மஞ்சளுமாக ஜகஜோதியாய் எரிந்தன.

கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யும்போது எடுத்த படங்கள் இவை என்றார் டாக்டர் ஸாதனா.

பொன்மணியின் புருஷன் இசக்கிதுரை அவரை முடிக்க விடவில்லை. எரிந்துகொண்டிருந்த படத்தின் மேல் விரலை வைத்தான்.

“இது என்னோடது. அந்தா, மினுக்குமினுக்குன்னு ஒண்ணு இருக்கே, அது இவளோடது. பாவம்.”

அந்தப் ‘பாவம்’தான் பொன்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாக அதைத்தான் கேட்கிறாள்.

கொச்சங்காடி சுக்குக் கிடங்கில் மூட்டைகளுக்கு வாய் தைக்கிறவள் அவள். ஒரு நாள் வலது கையிலிருந்து கோணி ஊசி நழுவியது. மறுநாளும் நழுவியது. நரம்பின் மேலுறை தேய்கிற நோய், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், இப்போதைக்கு லேசாகத்தான் இருக்கிறது என்றார்கள். மருந்தை ஒரு வேளைகூட விடவில்லை. ஊசி இப்போது நழுவுவதில்லை.

ஆனால் அதே கிடங்கில் மூட்டை தூக்கும் புருஷன், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், திங்கட்கிழமையிலிருந்து இவள் வேலைக்கு வரமாட்டாள் என்று சூப்பர்வைசர் சேவியரிடம் சொல்லிவிட்டான். வீட்டில் பெரிய சண்டை. கடைசியில், படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்தான்.

ஆராய்ச்சிக்கு நோயில்லாதவர்களும் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, மாரைத் தட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததும் அவன்தான். அவளுக்கு முந்தின நாளே போய் ஸ்கேன் குழாய்க்குள் படுத்தான்.

“அல்ல சேட்டா,” என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில். “நெறைய எரியறதுதான் பொன்மணியோடது.”

கையை அசைக்கும் நரம்புப் பாதையில் சேதம் இருக்கிறது. அதனால் அதே சின்ன வேலைக்கு மூளையின் மற்ற இடங்களும் கூட வந்து கைகொடுக்கின்றன. சீக்கிரம் களைப்பு வரும், அப்போது உட்கார்ந்துவிட வேண்டும். வேலையை விடு என்று இந்தப் படம் சொல்லவில்லை என்றார்.

பொன்மணிக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. கிடங்கில் ஒருத்தருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் பக்கத்திலிருப்பவர்கள் வந்து தோள் கொடுப்பார்கள். லாரி நேரத்துக்குக் கிளம்பிவிடும்.

“அப்போ அந்தச் சின்னப் பொட்டு இவரோடதா?” என்று கேட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இசக்கிதுரை அவசரமாக எழுந்தான்.

“அது வேற ஆளு. சேட்டன் மூணாவது நிமிஷமே, பயந்தா அமுக்கச் சொன்ன மணியை அமுக்கி வெளிய வந்துட்டாரல்லே. படமே எடுக்கலை,” என்றார் டாக்டர்.

ஆனால் குழாய்க்குள் படுத்துவிட்டு வந்த அன்று மாலை அவன் கிடங்கு பூராவும் வேறு மாதிரி சொல்லித் திரிந்திருந்தான். உள்ளே குளுகுளுவென்று இருந்ததாம். தூங்கியே போய்விட்டானாம்.

மறுநாள் அந்தக் குழாய்க்குள் பொன்மணி நாற்பது நிமிடம் கிடந்தாள். காதுக்குப் பக்கத்தில் தகரத்தை அடிப்பதுபோல் சத்தம். மூச்சு முட்டியது. இடது கையில் அந்த மணியைக் கொடுத்திருந்தார்கள். மூன்று தடவை அமுக்கப் போனாள். மூன்று தடவையும், இந்த மனுஷன் தூங்கின இடத்தில் நான் பயப்படுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இப்போது இசக்கிதுரை அறைக் கதவருகே போய்விட்டிருந்தான்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தன்னை நினைத்துத்தான் பெருமையாக இருந்தது. போனை எடுத்து சேவியரை அழைத்தாள்.

“சேட்டா, திங்கக்கிழமை நான் வந்துருவேன். இவருக்குத்தான் ஒரு நாள் லீவு வேணும்.”