வாளிக்காரர் மேல் ஒரு புகார்

"பத்து மணிக்கு மீன் போடணும்னா பத்து மணிக்குப் போடணும் சார். இவர் ஒரு நாள் எட்டரைக்கு வர்றார், ஒரு நாள் பதினொண்ணே முக்காலுக்கு வர்றார். கேட்டா சிரிக்கிறார்."

ஆராய்ச்சிக்கார அம்மாள் மிருகக்காட்சிசாலை மேனேஜர் அறையில் உட்காரக்கூட இல்லை. மூன்று மாதமாகக் கண்ணாடித் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, உள்ளே இருக்கும் கடல்சிங்கத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பவர். அடைத்து வைத்த கடல்சிங்கம் ஒரே வட்டத்தை நாளெல்லாம் சுற்றிச் சுற்றி வரும். அந்தப் பைத்தியத்தை நிறுத்துவது எப்படி என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

புகார் வாளிக்காரர் மேல். ஒன்பது வருடமாக அந்தத் தொட்டிக்கு மீன் வாளி தூக்குகிறவர். அவர் வேலை பார்க்கும் லட்சணத்தைக் கேட்டால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். மீனை உருகவைக்கக்கூட உடம்பு வளையாமல் ஐஸ்கட்டியோடு தண்ணீரில் தள்ளிவிடுவாராம். பழைய ரப்பர் குழாய், கிழிந்த டயர் என்று கைக்குக் கிடைத்த குப்பையை உள்ளே போட்டுவிட்டு மறந்துவிடுவாராம். நின்று ஊட்ட வேண்டிய மீனைக் கல் இடுக்கில் செருகிவிட்டு நடையைக் கட்டுவாராம்.

மேனேஜர் ஆளைக் கூப்பிட்டார். ஈர பூட்ஸோடு வந்து, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நின்றார் வாளிக்காரர்.

"ஏன்யா, உனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதா?"

"தெரியும் சார். சொன்ன நேரத்துக்குப் போட்டா அதுக்கு ஆகலீங்க."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வேலைக்கள்ளிக்குப் பிள்ளை மேல சாக்கும்பாங்க. உனக்குக் கடல்சிங்கம் மேல சாக்கா?"

ஐந்தே நிமிடத்தில் உத்தரவு தயாராகிவிட்டது. நாளையிலிருந்து வாளிக்காரருக்கு வண்டி நிறுத்துமிடத்தில் காவல் வேலை. தொட்டிக்குப் புது ஆள், மணி அடித்தாற்போல் பத்துக்கு மீன். மேனேஜர் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் வாசலில் நின்று திரும்பினார்.

"புதுசா வர்றவரைக் கொஞ்சம் முன்னப்பின்ன வந்து போடச் சொல்லுங்க சார். பாவம் அது."

"போய்யா, வந்துட்டான் புத்தி சொல்ல" என்றார் மேனேஜர்.

அவர் போன பிறகு, புகாருக்கு ஆதாரமாக அம்மாள் கொண்டுவந்திருந்த நோட்டைக் கோப்பில் சேர்ப்பதற்காக மேனேஜர் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் மீன் போட்ட நேரம், பக்கத்திலேயே கடல்சிங்கம் அன்று சுற்றிய கணக்கு. வாளிக்காரர் லீவில் போய், வேறு ஆள் சரியாகப் பத்துக்குப் போட்ட நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு சுற்று. அவர் எட்டரைக்கு வந்த நாளில் முப்பத்தொன்று. பதினொன்றே முக்காலுக்கு வந்த நாளில் ஒன்பது. ஐஸ்கட்டியும் டயரும் கிடந்த நாளில் ஒரு சுற்றுகூட இல்லை.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது? இவன் பார்த்துக்கிட்ட நாள்ல அது சுத்துறதே குறைஞ்சு போயிருக்கே?"

"அதைத்தானே சார் இவ்வளவு நேரமா சொல்றேன்" என்றார் அம்மாள், இப்போதாவது இந்த மனிதருக்கு விளங்கியதே என்ற நிம்மதியோடு. "அது சுத்துறதை எப்படி நிறுத்துறதுன்னு நான்தானே கண்டுபிடிச்சு எழுதணும்? இவர் பாட்டுக்கு நிறுத்திட்டார்னா, நான் எதைப் பார்த்து எழுதறது?"