இன்னும் ஒரு குளோசப்

பளீரென்று விழுந்தது அறை. டைரக்டரின் கண்ணாடி தெறித்துப்போய் டிராலித் தண்டவாளத்துக்கு அப்பால் விழுந்தது.

அறைந்தது படத்தின் கதாநாயகி. வாங்கியவர் குனிந்து கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் அழகைக் குறை சொன்னவர் கிடையாது. அழுகைதான் வராது. கிளிசரின் போட்டும் முகம் அழாது என்று பத்திரிகைகள் 'மெழுகு பொம்மை' பட்டம் கட்டியிருந்தன. இந்தப் படமும் கவிழ்ந்தால் அடுத்து அண்ணி வேஷத்துக்குத்தான் கூப்பிடுவார்கள்.

சற்று முன், டேக் ஆரம்பிக்கிற நேரத்தில், டைரக்டர் அவள் காதருகே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாகவும், ஒரு வாரமாக அங்கே படுத்திருந்த அவளுடைய அக்கா போய்விட்டதாகவும் சொன்னார். தாயில்லாத அவளை வளர்த்து, தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு, ஸ்டுடியோ ஸ்டுடியோவாகக் கூட்டிக்கொண்டு அலைந்த அக்கா.

அவள் கதறிய கதறலில் லைட்மேன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

'கட்' சொன்ன கையோடு டைரக்டர் சொன்னார்: "சும்மா சொன்னேம்மா. அழுகை வரணும்னுதான்."

அதற்குத்தான் அந்த அறை. பயப்படும் காட்சிக்காகப் பாவாடைக்குள் எலியை விட்ட ஆசாமி அவர். இதையும் செய்யக்கூடியவர்தான்.

மனசு கேளாமல், ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டும் என்றாள். காலையிலிருந்தே லைன் செத்துக் கிடக்கிறது என்றார் மேனேஜர், தரையைப் பார்த்தபடி. போனே வேலை செய்யாதபோது சேதி மட்டும் எப்படி வந்திருக்கும்? அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே, இனிமே எங்க அக்காவை வச்சு விளையாடாதீங்க."

அவர் தலையாட்டினார். கதாநாயகி சிரிக்கிற குளோசப் ஒன்று பாக்கி இருப்பதாகவும், அதை இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றும் சொன்னார். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று அவள் கேட்டதற்கு, முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். எங்கோ டெலிபோன் மணி அடித்ததில் முதல் டேக் கெட்டது. இரண்டாவதில் சிரித்தாள். அக்கா இருக்கிறாள் என்ற நிம்மதியெல்லாம் திரண்டு, அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்த சிரிப்பு அது.

அந்தச் சிரிப்புதான் பிற்பாடு போஸ்டராகி ஊர்ச் சுவரையெல்லாம் நிறைத்தது. அங்கிருந்து அவளுக்கு ஏறுமுகம்தான். ஆனால் அவள் போகிற காரில் ஜன்னல் திரை எப்போதும் இழுத்து மூடியே இருக்கும். சுவர் பக்கம் பார்க்கமாட்டாள்.

அன்றைக்குப் பேக்கப் ஆனதும், வேஷத்தைக்கூடக் கலைக்காமல் வாசலுக்கு ஓடினாள். கார் கதவு திறந்தே இருந்தது, இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு விடும்படி டிரைவரிடம் சொன்னாள்.

முன்பக்கக் கதவைத் திறந்து டைரக்டர் ஏறினார். அவள் விரல் பதிந்த தடம் கன்னத்தில் இன்னும் சிவந்திருந்தது. அவர் பின்னால் திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்மா. வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க."