மாமியார் வீட்டு டோஸ்டர்

"இன்னைக்கு விடியக்காலையிலயும் உங்கம்மா வந்துட்டாங்க," என்றாள் கிம் சுவான், கடைக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாக.

அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே வாயைத் திறக்காமல் இருப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று பூன் லெங் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டிருந்தான்.

மாமியாருக்குக் கதவைத் தட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. நேராகப் படுக்கையறைக்கே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார். மகன் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புகார் எல்லாம் மருமகளிடம்தான். கரியடுப்பில் ரொட்டி வாட்டி வாட்டிக் கண் எரிகிறதாம். ஒரு பக்கம் தீய்ந்து மறுபக்கம் வெளுத்துக் கிடக்கிற ரொட்டியில் எவ்வளவு காயா ஜாம் தடவிக் கொடுத்தாலும் மாமனார் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் டோஸ்டர் இருக்கிறதாம்.

இதுவரைக்கும் பரவாயில்லை. இன்று காலையில் சொன்னதுதான் கிம் சுவானைக் கடைக்கு ஓடி வர வைத்தது.

"வாங்கித் தர முடியலேன்னா சொல்லிடு, நானும் அவரும் உங்க வீட்டுக்கே வந்து இருந்துக்கறோம்னு சொல்றாங்க. கேட்டியா? நிரந்தரமா."

பூன் லெங்கின் முகம் வெளிறியது. "அப்பாவுமா?"

"உங்கப்பா பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாராம்."

கடைக்காரர் சியாவைப் பினாங்கில் அந்தத் தெருவே தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடும். விஷயத்தைக் கேட்டதும் அவர் உள்ளே போய், ஒரே கையில் மூன்று டோஸ்டர்களை அடுக்கிக்கொண்டு வந்து மேசைமேல் பரப்பினார்.

முதலாவது நான்கு துண்டு போடுகிற பெரியது. இரண்டு நீளப் பள்ளங்கள், பளபளவென்று வெள்ளி நிறம். ஈப்போவில் இருக்கும் நாத்தனார் இதைத்தான் வாங்க வேண்டும் என்று மூன்று தடவை போன் செய்துவிட்டாள். போன் செய்கிறவளுக்கு என்ன? மாமியாரின் சமையலறையில் இதை எங்கே வைப்பது?

அந்த வீட்டைப் பெற்றோருக்குப் பார்த்தவன் பூன் லெங். மாடி வீடாகப் பார் என்று கிம் சுவான் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டாள். ரெண்டு பேருக்கு எதற்கு மாடி என்று, இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து முடித்தான். சமையலறையில் ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டும்.

"அந்த வீடு எனக்கு நல்லாத் தெரியும். அடுப்புக்குப் பக்கத்துல நாலு விரல் அகலம் இருக்கு. அவ்வளவுதான்," என்றார் தவுக்கே.

இரண்டாவதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். கிம் சுவான் விரல்களை வைத்து அளந்து பார்த்தாள். ஏழு விரல் வந்தது. மூன்றாவது நாலு விரலுக்குள் அடங்கியது. ஆனால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு துண்டுதான் போடலாம். அது போதுமே என்று பூன் லெங் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"முதல் துண்டு யாருக்கு?" என்று கேட்டாள் அவள்.

அவன் அந்த டோஸ்டரைத் திருப்பி வைத்துவிட்டான். ரொட்டி ஆறினால் அப்பா தொட மாட்டார். அம்மாவுக்குக் காத்திருக்கத் தெரியாது. சண்டை வந்தால் பஞ்சாயத்துக்கு இங்கேதான் வருவார்கள்.

"சரி, இதெல்லாம் நாள்பட உழைக்குமா தவுக்கே? கெட்டுக் கிட்டுப் போனா?"

"நாப்பது வருஷமா விக்கிறேன் தங்கச்சி. சரியில்லேன்னு ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்ல."

"எங்க மாமியார் வருவாங்க."

தவுக்கே அதை மறுக்கவில்லை. அவருக்கும் அந்த அம்மாளைப் பழக்கம்.

கிம் சுவான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருடம் அந்த மாமியாரோடு ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டியவள். சூப்பில் உப்புக் குறைவு, துணி காயப்போட்டது கோணல், பிள்ளை கறுத்துப்போனான் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். இந்த மூன்று வருடமாகத்தான் தன் வீட்டில் தன் இஷ்டத்துக்குச் சமைக்கிறாள். அதுவும் போய்விடுமோ என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒல்லியா, நீளமா, ஒரே பள்ளம் இருக்கணும் தவுக்கே. அதுல ரெண்டு துண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு பேர் தட்டுலயும் சூடா விழணும். அப்படி ஒண்ணு கிடைக்கலேன்னா நான் எங்க ஓடுவேன்?"

அப்படி ஒரு டோஸ்டர் இந்தத் தெருவிலேயே கிடையாது என்றார் தவுக்கே. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்தது போலும். "பத்து நிமிஷம் உட்காருங்க," என்று சொல்லி, மேசை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

நான்கு துண்டு போடுகிற அந்தப் பெரிய டோஸ்டரை இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே நெடுக வெட்டினார். ஒரு பாதியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மறுபாதியின் திறந்த பக்கத்துக்கு வெள்ளிக் காகிதம் அளவெடுத்துப் பசை தடவி ஒட்டினார்.

கிம் சுவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கணவனிடம் நீட்டினாள்.

"உங்கம்மா பேரையும் செத்த தேதியையும் அதுமேல பெருசா எழுது. நாளைக்குக் கல்லறையில வெச்சுக் கொளுத்தி அவங்களுக்கு அனுப்பும்போது, பக்கத்துக் கல்லறைக்காரங்க யாராவது தங்களுக்குன்னு நினைச்சு எடுத்துட்டுப் போயிட்டா, ராத்திரியே ரெண்டு பேரும் பெட்டியோட என் கனவுல வந்து நிப்பாங்க."